அடைப்புக்குறிக்குள் ஒரு குரல்

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் வழுக்கி விழுந்தார். பந்தியே சிரித்தது. திரையின் அடியில், வெள்ளை எழுத்தில், அடைப்புக்குறிக்குள் (மழை பெய்யும் ஓசை) என்று வந்தது.

சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். படத்தில் மழை இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படம். பந்தல் கீற்று இடுக்கு வழியாக வெயில் சல்லடை போட்டாற்போல இலைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மழை வெளியேதான் பெய்தது. அவர்கள் ஊரான கோவில்பத்தில் நேற்றுப் பிடித்த மழை. பள்ளிக்கூடம் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் லீவு விட்டு, சாயங்காலம் நாலரை மணிக்கே ஹாலில் விளக்குப் போட வைத்த மழை.

"சனியன்" என்றார்.

சனியன் டிவிக்குப் பின்னால் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு பச்சை போர்டு. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் சிவப்ரியா தீபாவளிக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. குட்டிக் கம்ப்யூட்டர், டிவியில் சொருகினால் போதும், ஹார்ட் டிஸ்கில் இருக்கிற படமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். சொருகி மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் டிவி கறுப்பாகவே இருந்தது. இரண்டாம் நாள் வானவில் மாதிரி ஒரு கட்டம் வந்து, வந்த இடத்திலேயே நின்றுகொண்டது. டவுனில் ஃபயாஸ் கடையில் அடாப்டரை மாற்றினார், கேபிளை மாற்றினார், மெமரி கார்டை அழித்து எழுதி, எழுதியதை அழித்தார். கரெண்டு போதவில்லை என்று திரை மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் இன்னமும் விட்டுவிட்டு வந்தது. போர்டு சூடாகிறது என்று அதற்கு ஒரு டேபிள் ஃபேனை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, வேர்த்துக் கொட்ட இவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவருக்குக் கைவந்த ஒரே தொழில்நுட்பம், ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷினைப் பக்கவாட்டில் தட்டி ஓடவைப்பது. இதைத் தட்டலாமென்றால் தட்டுவதற்குப் பக்கவாட்டே இல்லை.

அவருக்குப் படம் பார்க்கிற ஆசை ஒன்றும் இல்லை. எல்லாம் கல்யாணசுந்தரிக்காக.

சுந்தரிக்குக் காது போய்ப் பதினாலு மாதம். ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு என்றார் டாக்டர். வாங்கிய காது மிஷினில் பேச்சு வரவில்லை, கீச்சென்று சத்தம்தான் வந்தது. அது பீரோவுக்குள் போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள். மீதிப் பாதியைப் புருஷன்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் கோளாறு. எதுக்குங்க சிரிச்சீங்க என்று கேட்பாள்; அப்புறம் சொல்றேன் என்பார். அப்புறம் வந்ததே இல்லை. யாருங்க, என்ன சொல்லிட்டுப் போறாங்க என்பாள்; ஒண்ணுமில்லை என்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஒண்ணுமில்லை சொல்கிறோம் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணுகிற ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது, போன மாதம் டிவிக்கு முதுகைக் காட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவள் சொன்னபோதுதான் தெரிந்தது.

"எனக்கு டிவில்லாம் வேணாங்க. நீங்க சிரிக்கறப்ப எதுக்கு சிரிக்கறீங்கன்னு தெரிஞ்சா போதும்."

அவர் மொட்டை மாடிக்குப் போய், காயாத துணியை எடுக்க வந்தவர்போல நடித்துக்கொண்டு, மகளுக்குப் போன் செய்தார். பேச்சு சரியாக வரவில்லை. அதன் விளைவுதான் இந்தப் பச்சை போர்டு. அதற்குள் சிவப்ரியா ஒரு புரோகிராம் போட்டிருந்தாள். படத்தில் வருகிற சத்தத்தைக் கேட்டு அது தமிழில் எழுதும். பேச்சை மட்டுமல்ல, கதவு சாத்துவது, குழந்தை அழுவது எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டும். இன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் சுந்தரியை ஒரே ஒரு தடவை சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று சோமசேகரன் முடிவு கட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெயிலில் மழை பெய்தது.

பேச்செல்லாம் சரியாக வந்தது. அடைப்புக்குறிதான் வம்பு செய்தது. குளக்கரையில் கதாநாயகன் கதாநாயகியின் பின்னலைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். கீழே (குக்கர் விசில்) என்று வந்தது. அலுப்பையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, பின்னலை விட்டுவிட்டு கதாநாயகன் நடக்கத் தொடங்கியபோது, அடுக்களையில் குக்கர் விசிலடித்தது.

கதாநாயகியின் அப்பா கோர்ட்டில் நின்றார். (பாத்திரம் விழும் ஓசை). கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையில் ஒரு தட்டு விழுந்து, விளிம்பில் சுற்றிச் சுற்றி அடங்கியது. விழுந்தது சுந்தரிக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு வேலையாக இருந்தாள். அடுத்ததற்கு சோமசேகரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். (இருமல்) என்று வந்தது. சரியாக நாற்பது வினாடியில் அவருக்கு இருமல் வந்தது.

பயந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. மூன்று நாள் எரிச்சல், பயம் வந்து உட்கார இடமே வைத்திருக்கவில்லை. நாற்பது வினாடி முந்துகிறது, அவ்வளவுதானே. அதற்கென்று மெனுவில் ஒரு இடம் இருக்கிறதே. சப்டைட்டில் தாமதம் என்ற இடத்துக்குப் போய், ரிமோட்டின் வலது அம்புக்குறியைக் கட்டைவிரல் வலிக்க அமுக்கி, அடைப்புக்குறிகளை மட்டும் நாற்பது வினாடி பின்னுக்குத் தள்ளினார். ஓர் அரசு ஊழியனுக்கு எதையும் தள்ளிவைப்பது கஷ்டமில்லை. தள்ளிவைத்த பிறகுதான், நம் வீட்டுச் சத்தம் இதற்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி வந்தது.

மகளுக்குப் போன் போட்டார். மழையில் குரல் விட்டுவிட்டு வந்தது. அந்த போர்டில் மைக்கே கிடையாது என்றாள் அவள். வெளியில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது, படத்துச் சத்தத்தை மட்டும்தான் எழுதும். "அதுக்குக் காதே கிடையாதுப்பா" என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு டவர் போய்விட்டது.

போர்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. அடியில் பூச்சி முட்டை வரிசை மாதிரி ஈயப் பொட்டுகள், சிவப்பில் ஒரு புள்ளி, பச்சையில் ஒரு புள்ளி. பச்சை, எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பதுபோலத் துடித்தது. அதை மெதுவாகத் திரும்பத் தொங்கவிட்டார்.

(கொல்லையில் தண்ணீரில் நடக்கும் ஓசை)

ரிமோட்டை எடுத்து ஒலியை அடக்கினார். ஜன்னல்மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த மழை, விடாமல் கத்திய தவளை, சுவருக்கு அப்பால் கிரைண்டரின் அரற்றல், இவற்றுக்கெல்லாம் அடியில், ஒன்றன் இடைவெளியில் ஒன்று நுழைந்துகொள்வதுபோல, அவசரமே இல்லாமல், சளப் என்று ஒன்று. பிறகு, காலை முழுக்கத் தூக்கி முழுக்க ஊன்றுகிறவர்கள் வைப்பதுபோல, இன்னொரு சளப்.

கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தார். தோய்க்கிற கல் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு வாழை, ஒரு கருவேப்பிலைக் கன்று, கவிழ்ந்து மிதந்த பிளாஸ்டிக் மக்கு. ஆள் இல்லை. மழைப்புள்ளிகள் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வளையம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றை அழித்துக்கொண்டு, சுவரோரமாக, வீட்டின் பக்கவாட்டுச் சந்துப் பக்கமாக, பெரிய வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சந்து வாசலுக்குப் போகிற வழி. காற்றில் ஒரு வாடை. வாய்க்கால் தூர் வாரி, அடிச்சேற்றைக் கரையில் கொட்டி வைத்த மறுநாள் அடிக்குமே, அது. தூர் வாரி மாதக்கணக்காகிறது.

கதவைச் சாத்தினார். மேல்தாழ், கீழ்த்தாழ். அடுக்களையில் சுந்தரி காப்பி கலக்கிக்கொண்டு, என்ன என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். ஒண்ணுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்து, படத்தின் ஒலியைத் திரும்பக் கூட்டினார்.

பிடுங்கிவிட வேண்டியதுதான். டிவிக்குப் பின்னால் குனிந்து, ஒயரைப் பிடித்தும் விட்டார். அப்போது சுந்தரி இரண்டு டம்ளரோடு வந்து, ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு டிவிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள். திரையில் சாம்பார் வாளிக்காரர் பெண் வீட்டாரிடம் மாட்டிக்கொண்டு முழித்தார். அவர் சொன்ன பொய்யும், அதைக் காப்பாற்றச் சொன்ன அடுத்த பொய்யும், வரிவரியாகக் கீழே வந்தன. சுந்தரியின் உதடு ஒவ்வொரு வார்த்தையாக முணுமுணுத்தது. பிறகு சிரித்தாள்.

சாதாரணச் சிரிப்பில்லை. காப்பி புரையேறி, முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்கி, "பாவிப்பய, மாமியாக்காரிகிட்டயே சொல்லிட்டான் பாருங்க" என்று, தன் குரலின் அளவு தெரியாமல் சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். பதினாலு மாதச் சிரிப்பு.

சோமசேகரன் ஒயரை விட்டார். அதைப் பிடுங்கச் சொல்லி இப்போது யமனே வந்து கேட்டாலும் முடியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தை ஒரு கண்ணாலும் எழுத்தை ஒரு கண்ணாலும் பார்த்தார்.

(வாசலில் ஒரு குரல்: கல்யாணசுந்தரி)

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் நாதஸ்வரம். வெளியே மழை. இரண்டுக்கும் நடுவில் யாருடைய குரலும் இல்லை.

சுந்தரி படித்துவிட்டு வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, காப்பியைக் குடித்தாள்.

குரும்பகரத்தில் பிறந்தவள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஒரு குரல் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். அதுகளுக்கு ஒரு தரம்தான் கூப்பிட வரும். மனுஷன் என்றால் மூன்று தரம் கூப்பிடுவான். காது போன பிறகும் அவள் அதை விடவில்லை. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று இவர் சைகை காட்டினால், எத்தனை தடவை என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இரண்டு தடவையோடு நிறுத்திவிட்ட கூரியர்காரன் ஒருவன் பார்சலோடு திரும்பிப் போன கதையை ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. படத்தில் வருவதுதான் என்று அவளுக்கு எதிரே வாயை அகலமாகத் திறந்து சொன்னார்.

"படத்துல யாருங்க எம் பேரு வச்சிருக்கா?"

நிரூபிக்க வேண்டும் என்று தோன்றியது. படத்தில் இருக்கிறது என்று அவளுக்கும் தனக்கும். பத்து வினாடி பின்னால் போகிற பொத்தானை அமுக்கினார். போர்டு யோசித்தது. மஞ்சள் மின்னல் வந்து போனது. சுந்தரி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அதே நாதஸ்வரக்காரர் அதே கன்னத்தை உப்பினார். நாதஸ்வரக்காரர்கள் எப்போதும் அப்படித்தானே; படம் பின்னால் போனது அவளுக்குத் தெரியவில்லை.

(படியில் ஒரு குரல்: சுந்தரி)

அதே இடம்தான். எழுத்து வேறு.

"ரெண்டு" என்றாள் சுந்தரி.

அவருடைய மூளை நின்றுவிட்டது. கட்டைவிரல் நிற்கவில்லை. மத்தியானம் முழுக்க, ஒவ்வொரு கோளாறுக்கும், சரியாக வருகிறதா என்று பார்க்க, அது எதைச் செய்ததோ அதையே செய்தது. பொத்தானை அமுக்கியது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார்.

(கதவுக்கு அருகில், மெதுவாக: சுந்தரி)

"மூணு. யாரோ நம்ம மனுஷங்கதான். மழையில நிக்கவச்சிட்டமே" என்று அவள் எழுந்தாள்.

அவர் கையைப் பிடித்தார். ஒண்ணுமில்லை, மிஷின் கோளாறு, யாருமே இல்லை என்றார். அவள் உதட்டைத்தான் பார்த்தாள். பதினாலு மாதமாக அந்த உதட்டில் அதிகம் பார்த்த வார்த்தையை மறுபடி பார்த்தாள். கோபமில்லை. களைத்த ஒரு புன்னகை. கையை விடுவித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அப்போதுதான் விளங்கியது. அதற்கு ஒரு தரம்தான் கூப்பிட முடியும். ஒரு தரம்தான் கூப்பிட்டது. மீதி இரண்டையும் இவர் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

"சுந்தரி."

முதுகு.

"சுந்தரி, திறக்காத."

தெருவே கேட்கும்படி கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. தாழ்ப்பாளில் அவள் கை. ஓடினார். காலில் ஒயர். டேபிள் ஃபேன் சரிந்தது. போர்டு சுவரில் அடித்துக்கொண்டு எங்கேயோ போய் விழுந்தது. டிவி நீலமாகிவிட்டது. முழங்கால் தரையில். கதவு திறந்தது.

மழை. வாசல் விளக்கு. தண்ணீர் நிற்கிற மூன்று படி.

யாரும் இல்லை.

சுந்தரி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். பிறகு, ஏனோ, ஓர் அடி ஒதுங்கி நின்றாள். ஆளுக்கு வழி விடுகிற மாதிரி. அந்தச் சேற்று வாடை ஹாலுக்குள் வந்தது. அவரைத் தாண்டிப் போனது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்போட்டாள்.

கரெண்டு போனது.

சரிந்து கிடந்த ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நின்றது. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில், சாத்திய கதவின் எதிரில், சுந்தரி அசையாமல் நின்றாள். கொசுகூட அசையாத புழுக்கம். இவர் சுவரைப் பிடித்து எழுந்து, இருட்டில் கையை நீட்டி, பேரைச் சொன்னார். அவள் திரும்பவில்லை.

பிறகு திரும்பினாள். இவர் பக்கமில்லை. இடது பக்கம், வெறும் சுவர் இருந்த பக்கம். சட்டென்று. காது கேட்கிறவர்கள் திரும்புகிற மாதிரி.

"ஏங்க" என்றாள். குரல் உடைந்தது. சந்தோஷத்தில் உடைந்தது. "எனக்குக் கேக்குதுங்க."

அவருக்கு மழைதான் கேட்டது.

அவள் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். ம் என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, ம். ஒருமுறை மெல்லச் சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே, கண்ணை மட்டும் திருப்பி, புருஷனைப் பார்த்தாள். அறிமுகமில்லாத ஒருவரைப் பற்றி யாரோ சொல்லச் சொல்ல, சொல்லப்படுகிற ஆளைப் பார்க்கிற பார்வை. காற்றே இல்லாத அந்த ஹாலில் அவள் புடவைத் தலைப்பு அசையவில்லை, காலண்டர்த் தாள் அசையவில்லை. அவள் இடது காதோரம் விழுந்திருந்த நரைமுடி ஒன்று மட்டும், காதிலிருந்து எழுந்தது, படிந்தது, எழுந்தது.